சுவரொட்டி முன் நிற்பவர்

காலையில் வீட்டிலிருந்து கிளம்பி வருகிற ராசாங்கம், என் கடைச் சுவருக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடுகிறார். அங்கே ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. செத்தவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சுவரொட்டியின் கீழ்மூலையை ஆடு தின்றுவிட்டது. இவர் மட்டும் இன்னும் படித்து முடித்தபாடில்லை. இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, "ஆழ்ந்த வருத்தத்துடன்" என்று மேலே தொடங்கி, அடியில் அச்சகத்தின் செல் நம்பர் வரைக்கும் பார்வையை ஓட்டுகிறார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாவம்ண்ணே. நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்குப் போகிறார். அங்கே ஒரு காதணி விழா.

வேப்பந்தட்டையில் பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். சுவரொட்டி என்றாலே எனக்கு ஆகாது. போன வருடம் வெள்ளை அடித்த சுவர். ஒருவன் செத்தால் ஊர் அழுகிறதோ இல்லையோ, என் சுவர் அழுக்காகிறது. அதிலும் இந்தக் காலத்துச் சுவரொட்டியில் செத்தவர் படம் தீப்பெட்டி அளவு, வருந்துகிறவர்களின் பேர்ப் பட்டியல் முழம் நீளம். அதை ஒருவர் வரி விடாமல் படிக்கிறார் என்றால் அவர்மேல் கண் போகாமல் இருக்குமா? அப்படித்தான் ராசாங்கத்தைக் கவனிக்கத் தொடங்கினேன்.

உயரம் குறைவு. தோள் இரண்டும் அகலம். கபடியில் மண்ணோடு மண்ணாக அழுந்தி அழுந்தி இடது காது மடங்கிப் போயிருக்கிறது. முழங்கால் இரண்டிலும் பழைய சிராய்ப்புகள் கறுத்துக் கிடக்கின்றன. வயது ஐம்பதுக்குப் பக்கம். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். வயதான பிறகு ராசாங்கத்துக்குப் படிப்பு ஆசை வந்துவிட்டது என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். டீக்கடைக்காரர் பாதி கேலியும் பாதி மரியாதையுமாக நேற்றைய செய்தித்தாளை எடுத்து நீட்டுவார். இவர் வாங்கிக்கொள்ள மாட்டார். உட்கார்ந்து படிக்கிற தாள் அவருக்கு வேண்டாம். நின்று படிக்கிற தாள்தான் வேண்டும்.

சுவரொட்டி இல்லாத இடத்தில் ஆட்களைப் பிடித்துக்கொள்வார். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சேமித்து வைத்திருக்கும் காட்டோரத்தில் நின்று, "அழுவல் உண்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். வெங்காயம் வைத்திருக்கிறவரிடம் அழுகலைப் பற்றிக் கேட்டால் சும்மா விடுவாரா? மழையில் தொடங்கி, மருந்துக்கடைக்காரரைத் திட்டி, வியாபாரியைச் சபித்து, முடிக்க வெகுநேரம் ஆகும். ராசாங்கம் "உம்... உம்..." என்று கேட்டுக்கொண்டே நிற்பார். அடுத்து வருகிற கிழவியிடம் மருமகள் எப்படி இருக்கிறாள் என்பார். அதற்கும் அதே அளவு பதில் கிடைக்கும். முன்னெல்லாம் முகம் கொடுத்துப் பேசாத மனுசன், இப்போது எவ்வளவு பதவிசாகிவிட்டார் என்று தெருவே மெச்சியது. நானும் மெச்சினேன்.

அவர் பேச்சில் நீளமான வாக்கியம் கிடையாது. ஒன்றிரண்டு சொல், ஒரு நிறுத்தம், மறுபடி ஒன்றிரண்டு சொல். நிறுத்தத்தில் வேட்டியை மடித்துக் கட்டுவார், அல்லது வேலியில் ஒரு வேப்பங்குச்சியை ஒடிப்பார். அந்த நேரத்தில் கழுத்துக்குக் கீழே இருக்கும் குழி உள்ளே போய் வெளியே வரும். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து ஊர்களில் அவர் பேர் "மூச்சு ராசாங்கம்." அரும்பாவூர், எறையூர், அரியலூர்ப் பக்கம் செந்துறை வரைக்கும் கபடி நடக்கும் ஊரிலெல்லாம் அந்தப் பேர் தெரியும். "கபடி, கபடி" என்று விடாமல் சொல்லிக்கொண்டு எதிரணிக் களத்துக்குள் போவதை எங்கள் பக்கம் "பாட்டு" என்போம். மற்றவர்கள் பாடிப் போனால் பாதியில் குரல் தேயும். இவர் பாட்டு தேயாது. ஆடி மாத ஓடைத் தண்ணீர்போல ஒரே அளவில் வரும். பிடிக்கக் காத்திருப்பவர்களுக்கு அதைக் கேட்டுக் கேட்டே கால் தளர்ந்துவிடும். அதன் சூட்சுமத்தை அவரே என்னிடம் ஒருமுறை சொன்னார். "உள்ள இருக்குறத எல்லாம் விட்டுறக் கூடாதுண்ணே. திரும்பி வர்றதுக்குக் கொஞ்சம் வெச்சிக்கணும்."

ஆட்டத்தை விட்டுப் பல வருடம் ஆனாலும் ஒரு மரியாதை அவருக்கு மிச்சமிருந்தது. காணும் பொங்கலன்று பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும் போட்டிக்கு முன்னால் "தொடக்கப் பாட்டு" என்று ஒரு வழக்கம் உண்டு. உள்ளூர் அணியின் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரே மூச்சில் பாடியபடி வெளியூர் அணிக் களத்தின் கடைசிக் கோடு வரை போய், அதை மிதித்துவிட்டுத் திரும்ப வேண்டும். எதிரணி ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். யாரும் பிடிக்க மாட்டார்கள். அவர் நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்தால்தான் மேளம் ஒலிக்கும், ஆட்டம் தொடங்கும். ராசாங்கம் ஆட்டத்தை விட்ட நாளிலிருந்து அது அவருடைய பாட்டு. வேறு ஒருவரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

பிழைப்பு கல் கிரஷரில். ஊருக்குக் கிழக்கே ஒரு கிரஷர். பேர் வேண்டாம். கல்லை வாயில் தள்ளி ஜல்லியாகத் துப்பும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, சிக்கிக்கொள்ளும் கல்லைக் கம்பியால் நெம்பிவிடுவது அவர் வேலை. சாயங்காலம் திரும்பும்போது புருவம், காதுமயிர், கண்ணிமை எல்லாம் வெளுத்திருக்கும். அவர் மனைவி கொளஞ்சியம்மாள் வாசலிலேயே நிறுத்தி, தலையில் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விடுவார். தூசிக்கு மருந்து என்று கிரஷர் ஆட்கள் எல்லோரும் வெல்லக்கட்டி வாயில் போட்டுக்கொள்வார்கள். தொண்டையில் ஒட்டியதை வெல்லம் இழுத்துக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடுமாம். இவரும் மடியில் வெல்லம் முடிந்து வைத்திருப்பார். முகத்துக்குத் துணி மட்டும் கட்ட மாட்டார். "தம்மு கட்டுறவன் மூக்க மூடிக்கிட்டு நின்னா பாக்குறவன் சிரிப்பான்" என்பார்.

அவருக்கென்று தனியாக இன்னொரு வைத்தியமும் இருந்தது. அது வேறு எவனுக்கும் தோன்றியிருக்காது. காணும் பொங்கல் பாட்டுக்கு மூச்சு குறையக் கூடாது என்று, கிரஷரில் நிற்கும்போதே பயிற்சி செய்வார். இயந்திரம் போடுகிற இரைச்சலில் பாடினால் யாருக்குக் கேட்கும்? மார்பு விரிய ஒரு மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுப்பார். கம்பியால் கல்லை நெம்பிக்கொண்டே "கபடி, கபடி" என்று அது தீரும் வரை பாடுவார். மறுபடி இழுப்பார். சம்பளத்துக்கு நெம்புகிற வேலையிலேயே பயிற்சியும் நடந்துவிடுகிறது என்று அவருக்குப் பெருமை. வருடக்கணக்காக இப்படித்தான்.

மூச்சு வாங்கத் தொடங்கியபோது, உடம்பு சோம்பல் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினார். அதிகாலையில் மைதானத்தைச் சுற்றி ஓடினார். ஓட முடியாதபோது வேகமாக நடந்தார். கிரஷரில் பயிற்சியைக் கூட்டினார். நடந்தாலே இளைக்கிறது என்பதை ஊர் பார்க்கக் கூடாது என்பதற்காகச் சுவரொட்டி படிக்கத் தொடங்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் பல நாள் மறைத்துவிட்டார்.

கொளஞ்சியம்மாளுக்கு மட்டும் தெரியும். நெல் மூட்டையை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பக்கத்தில் படுத்திருப்பவளிடம் எப்படி மறைப்பது? கேட்டதற்கு, முதுகுப் பிடிப்பு என்றாராம். அந்த அம்மாவும் கேட்கவில்லை போல இருந்துவிட்டார். மூட்டை தீர்ந்தால் உமியை நிரப்பி வேறொரு மூட்டையை அதே இடத்தில் வைத்துவிடுவார்.

மகள் கவிதா பெரம்பலூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். காலையில் அப்பாவும் மகளும் பஸ் நிறுத்தம் வரைக்கும் சேர்ந்து வருவார்கள். இவர் ஒவ்வொரு சுவரிலும் நிற்க, அவளுக்குப் பஸ் போய்விடும். செத்தவனைப் படித்தது போதும், உயிரோடு இருக்கிறவள் வேலைக்குப் போக வேண்டாமா என்று என் கடை வாசலில் வைத்தே சத்தம் போடுவாள். அவர் சிரித்துக்கொண்டு நிற்பார். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரியாது.

சென்ற ஐப்பசியில் இருமல் விடாமல் பிடித்துக்கொண்டது. கவிதா வலுக்கட்டாயமாகப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். தான் மட்டும் கூட்டிப்போனால் வழியில் இறங்கி ஓடிவிடுவார் என்று என்னையும் துணைக்கு வரச் சொன்னாள். நான் கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

நுரையீரலுக்கு ஊதிப் பார்க்கிற பரிசோதனை. அதைச் செய்கிற பெண் ஏஞ்சல் மேரி, ஏலாக்குறிச்சிக்காரி, பொறுமைசாலி. ஒரு குழாயை வாயில் வைத்து, முடிந்த மட்டும் இழுத்து, ஒரே வேகத்தில் உள்ளே இருப்பது முழுவதையும் ஊதித் தள்ள வேண்டும். ராசாங்கம் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார். இழுத்தார். பிறகு மெதுவாக, ஒரே அளவில், கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். கம்ப்யூட்டரில் கோடு மேலே எழும்பவே இல்லை. அப்படி இல்லை ஐயா, வேகமாக ஊதணும் என்று அவள் செய்து காட்டினாள். மறுபடியும் அதே கதை. பலூன் ஊதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள், அடுப்பு ஊதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் உடம்பு கேட்கவில்லை. மூச்சை மொத்தமாக வெளியே விடக் கூடாது என்று இருபது வயதில் பழக்கிய உடம்பு. பயந்துகொண்டு ஊதுகிறார் என்று அவள் நினைத்தாள்.

"ஏன்யா நிறுத்துறீங்க? கடைசி வரைக்கும் விடுங்க. உள்ள ஒண்ணுமே இருக்கக் கூடாது."

"கொஞ்சம் வெச்சிருக்கேன் மேடம்."

"எதுக்கு?"

ராசாங்கம் என்னைப் பார்த்தார். நான் கபடியைச் சொல்லி விளக்கினேன். ஏஞ்சல் மேரி சிரிக்கவில்லை. இங்கே கோடும் இல்லை, திரும்பி வர வேண்டியதும் இல்லை, தைரியமாக விடுங்கள் என்று தோளைத் தொட்டுச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு ஒருவழியாக ஊதினார். முடித்துவிட்டு, எதையோ தொலைத்தவர்போல உட்கார்ந்திருந்தார். கோடு எழும்பிய வேகத்தில் இறங்கிவிட்டது. அவர் இத்தனை பத்திரமாகக் கட்டிக் காத்ததும் அவ்வளவுதான்.

அடுத்தது நடைப் பரிசோதனை. விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டு, நீளமான வராந்தாவில் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் நடக்கச் சொன்னார்கள். நானும் கவிதாவும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் தடவை போய் வந்தார். இரண்டாம் தடவை பாதி வழியில் சுவரைப் பார்த்து நின்றார். இடுப்பில் இரண்டு கை. கழுத்து முன்னால் நீண்டது. காசநோய் ஒழிப்பு விளம்பரத்தைப் படித்தார். கொஞ்ச தூரம் நடந்தார். கொசு ஒழிப்பைப் படித்தார். அடுத்ததாகத் தாய்ப்பாலின் மேன்மை என்ற படத்துக்கு முன்னால் நின்று, குழந்தையை எப்படி மடியில் கிடத்த வேண்டும் என்பதை மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தார்.

கவிதா முதலில் எரிச்சலோடு எழுந்தாள். "அப்பா, அது எதுக்கு ஒங்களுக்கு" என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் முதுகைப் பார்த்தாள். சட்டைக்குள் விலா ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் படிக்கவில்லை. எழுத்தின்மேல் கண்ணே இல்லை. அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் விளங்கியது. என் கடைச் சுவர், காதணி விழா, வெங்காயப் பட்டறை, கிழவியின் மருமகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

டாக்டர் நல்லவர். புரிகிற மாதிரி சொன்னார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது மனுசனுக்கு ஒரு சொம்பு காற்று போதும். நடந்தால், ஓடினால், சுமை தூக்கினால் உடம்பு கூடுதலாகக் கேட்கும். அப்போது நுரையீரல் தன் சேமிப்பு அறைகளைத் திறந்துவிடும். மூச்சு முதலில் ஆழமாகும், பிறகு வேகமாகும். இவருக்கு அந்த அறைகளில் கல்தூசி இறங்கி, சுவர் இறுகிவிட்டது. ஆழமாக இழுக்க வழியில்லை. அதனால் வேகமாக மட்டுமே இழுக்கிறார், அதுதான் இளைப்பு. இறுகியது இனி இளகாது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், கிரஷர் பக்கமே போகக் கூடாது.

அதே கிரஷரில் அதே வருடங்கள் வேலை பார்த்த மற்றவர்களுக்கு இந்த அளவுக்கு இல்லையே என்று கவிதா கேட்டாள். டாக்டர் யோசித்துவிட்டு, வேலை நேரத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி வேறு ஏதாவது செய்வீர்களா என்று ராசாங்கத்திடம் விசாரித்தார். அவர் முகம் அன்று முதல் தடவையாக மலர்ந்தது. "பயிற்சி உண்டு சார். கிரஷர்லயே. நல்லா அடிவயிறு வரைக்கும் இழுத்து, தம்மு கட்டிப் பாடுவேன். ஒரு நாளு விட்டதில்ல."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். மற்றவர்கள் மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டு நின்ற இடத்தில், இவர் ஒவ்வொரு நாளும் தூசியைத் தேடிப் பிடித்து அடி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. டாக்டர் அதை அவரிடம் சொல்லவில்லை. கவிதாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ராசாங்கத்திடம், இனி ஓடக் கூடாது, மூச்சை அடக்கவே கூடாது, விழுந்தால் பிழைப்பது கஷ்டம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். தன் பயிற்சிதான் தன்னைத் தின்றது என்பது அவருக்கு இன்றைக்கும் தெரியாது. பயிற்சி இல்லாமல் போயிருந்தால் எப்போதோ படுத்திருப்பேன் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார். நம்பட்டும்.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தபோது, என் கடைச் சுவரில் அவர் வழக்கம்போல நின்றார். கவிதா அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அவர் சங்கடத்தோடு சுவரொட்டியைப் பார்த்தார். "நா படிக்கிறேம்ப்பா, நீங்க கேளுங்க" என்றாள். இன்னார் மறைவுக்கு இன்னார் வருந்துகிறார் என்று முழுவதையும் நிதானமாக வாசித்தாள். அவர் மூச்சு சமனப்படும் வரைக்கும் அவள் வாசிப்பு நீண்டது. அன்றிலிருந்து அப்பாவும் மகளும் அப்படித்தான் வருகிறார்கள். நான் சுவரில் ஒட்டுகிறவர்களைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

கிரஷரை விட்டாயிற்று. இப்போது பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவரின் மக்காச்சோளத்துக்குக் காவல். மயில் வந்து கொத்தினால் கத்தி விரட்ட முடியாது. ஒரு தகர டப்பாவை வைத்துக்கொண்டு தட்டுகிறார். கிரஷரை ஏன் விட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கு, தூக்கம் வருகிற வேலையாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன் என்று சொல்லிச் சமாளித்தார். மார்கழி பாதி போனதும் புதுப் பிரச்சினை வந்தது. கபடிக் குழுச் செயலாளர் கலைவாணன் வெற்றிலை பாக்கோடு வந்து, தொடக்கப் பாட்டுக்கு அழைத்துவிட்டுப் போனார். ராசாங்கம் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் பெரிய சண்டை. கவிதா அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், கலைவாணனிடம் போய் உண்மையைச் சொல்லப் போவதாகக் கிளம்பினாள். கொளஞ்சியம்மாள் அவளைப் பிடித்து நிறுத்திவிட்டார். கவிதா அம்மாவையும் திட்டினாள். கடைசியில் என்னிடம் வந்து, நீங்களாவது சொல்லுங்கள் பெரியப்பா என்றாள். நான் சோளக்காட்டுக்குப் போனேன். ராசாங்கம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பச்சைமலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்த புத்தியெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"நா போவலன்னா ஏன்னு கேப்பாங்க" என்றார். நிறுத்தினார். "கேட்டா என்னாத்தச் சொல்றது?"

"முடியலன்னு சொல்லு. உலகத்துல யாருக்கும் முடியாமப் போவுறதில்லையா?"

"மத்தவனுக்குக் காலு முடியல, கையி முடியலம்பான்." மறுபடி நிறுத்தம். "எனக்கு எது முடியலன்னு சொல்றதுண்ணே? என் பேரே அதானே."

மெதுவாகப் போ, ஓடாதே, நடந்து போனால் போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஒரு மயில் காட்டுக்குள் இறங்கியது. அவர் டப்பாவைத் தட்டினார்.

காணும் பொங்கலன்று மைதானத்தில் எள் போட இடமில்லை. வெளியூர் அணி செந்துறைப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. எல்லாம் தேக்கு மாதிரிப் பையன்கள். களத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, கடைசிக் கோட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பேனரை நிறுத்தியிருந்தார்கள். பொங்கல் பானை, கரும்பு, நன்கொடை கொடுத்தவர்களின் முகங்கள், அதற்கடியில் பேர்கள், அதற்கடியில் இன்னும் பேர்கள். கவிதா கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். கொளஞ்சியம்மாள் வரவில்லை.

கலைவாணன் மைக்கில் பேரைச் சொன்னதும் கைதட்டல். ராசாங்கம் சட்டையைக் கழற்றிவிட்டு, பழைய பனியனோடு வந்தார். குனிந்து நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிமிர்ந்தார். மார்பு விரியவில்லை. தோள் மட்டும் ஏறியது. "கபடி, கபடி" என்று தொடங்கினார்.

களம் அப்படியொன்றும் நீளமில்லை. என் கடையிலிருந்து டீக்கடைக்குப் போகிற தூரம்கூட இருக்காது. நடந்துதான் போனார். பாட்டு ஒரே அளவில் வந்தது, மெலிசாக, ஆனால் தேயாமல். எதிரணி ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். பாதிக் களம் தாண்டினார். நான் என்னை அறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். கடைசிக் கோட்டை மிதித்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. திரும்புவதற்குக் காலை எடுத்தார். "கபடி" பாதியாக உடைந்து "கப" என்று நின்றது. மிச்சம் வரவில்லை.

மேளக்காரர் ஓங்கிய குச்சியோடு நின்றார். மைக்கும் அடங்கிவிட்டது. ராசாங்கம் எதிரணிக் களத்தின் கோடியில் தனியாக நின்றார். உதடு திறந்து திறந்து மூடியது. கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. சுற்றிலும் அத்தனை கண்களும் அவர்மேல். அவர் என்ன செய்தார் தெரியுமா? நடுக்கோட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றினார். கழுத்தை முன்னால் நீட்டி, அந்தப் பேனரைப் படிக்கத் தொடங்கினார்.

எதிரணிப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் திரும்பிப் பேனரைப் பார்த்தார்கள். என் பக்கத்தில் நின்ற ஒருவர், என்ன பார்க்கிறார், பேர் எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டார். மறுபக்கம் திரும்பினேன். கவிதாவைக் காணோம். கயிற்றுக்கு அடியில் அவளுடைய செருப்பு மட்டும் கிடந்தது.

அவள் வெறுங்காலோடு களத்தைக் கடந்து போய், அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரலை நீட்டிப் பேனரின் முதல் வரியைக் காட்டி, மைதானம் முழுவதும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "காணும் பொங்கலை முன்னிட்டு... மாபெரும் கபடிப் போட்டி... அனைவரையும் வருக வருக என..." வரவேற்பு முடிந்ததும் நன்கொடையாளர் பேர்களைத் தொடங்கினாள். ஊர், தகப்பனார் பேர், தொழில் எதையும் விடவில்லை. அந்தப் பட்டியல் முடியக் கூடாது என்று நான் சாமியைக் கும்பிட்டேன். ராசாங்கம் ஒரு கையை இடுப்பிலிருந்து எடுத்து மகள் தோளில் போட்டுக்கொண்டு, அவள் வாசிக்கிற ஒவ்வொரு பேருக்கும் தெரிந்தவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.